யாருக்கு எந்த வேடம்?

(குருநகரில், ஊடகத் துறைக்குள் நுழைய விரும்பும் இளையோருக்கான கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சித் துறையில் முன்னேறுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லும்படிதான் என்னை அழைத்தார்கள். கமரா பிடிப்பதையும் எடிற் பண்ணுவதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் இருக்கிற பிள்ளைகளில் பலர் அந்த வேலைகளை என் வயதுக்காரரைவிட வேகமாகச் செய்வார்கள். இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனாலே தலைக்குமேல் ட்ரோன் பறக்கிறது. நாலு கமராவில் எடுத்ததை அன்றிரவே வெட்டி ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற பொடியள் இருக்கிறார்கள். கைத்திறமைக்கு இங்கே குறைவில்லை. ஆனால் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்குள் காலடி வைத்த பிறகு உங்களைத் தூக்கிவிடுவதும் விழுத்துவதும் கைத்திறமை மட்டும் அல்ல. அங்கே வேறொன்றும் வேலை செய்கிறது. அதற்கு எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் பாடம் வைப்பதில்லை. முதல் வருடத்திலேயே அதில் அடிபட்டு, “இது எனக்குச் சரிவராது” என்று திரும்பிவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நல்ல கலைஞர்கள் இருந்தார்கள். அந்த இழப்பு எங்களுடையது. ஆகவே இன்று தயாரிப்பகத்தின் உள்ளரசியலைப் பற்றியே பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசைப்படுவது குற்றம் இல்லை. உதவி ஒளிப்பதிவாளராக இருக்கிறவர் ஒளிப்பதிவாளராக வர விரும்பத்தான் வேண்டும். செய்தி வாசிக்கிற பிள்ளை, நாளைக்கு அந்தச் செய்திப் பிரிவை நடத்த விரும்பத்தான் வேண்டும். அந்த விருப்பம் இல்லாதவர் விடியப்புறம் நாலு மணிப் படப்பிடிப்புக்கு எழும்பமாட்டார். எங்கள் சமூகம் பிள்ளைகளுக்கு அடக்கத்தைச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு, தனக்கு உரியதை நேரே கேட்பதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்கத் தெரியாதவர் உள்ளுக்குள் புழுங்குகிறார். புழுக்கம் முற்றினால் மேலிடத்தில் போய் அள்ளிவைக்கத் தொடங்குகிறார். வேலைத்தல அரசியலில் பாதி அங்கேதான் முளைக்கிறது.

சின்னத்திரைத் தொடர்கள் இந்த விடயத்தில் எங்களுக்கு ஒரு பிழையான படத்தைக் காட்டிவிட்டன. ‘கோலங்கள்’ தொடர் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2003 நவம்பரில், எங்களுக்குச் சமாதான காலத்தில் தொடங்கி, யுத்தம் முடிந்த பிறகு 2009 டிசெம்பரில் முடிந்த தொடர் அது. 1500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. தேவயானி நடித்த அபி ஒரு கட்டட நிறுவனத்தை வளர்த்தெடுக்கப் பாடுபடுவாள். ஆதித்யா அவளைக் கவிழ்க்க நாளுக்கொரு சதி செய்வான். நிறுவனத்துக்குள் நடக்கிற போட்டி என்றாலே எங்கள் கண்ணில் ஒரு வில்லன் வந்து நிற்பது இப்படியான கதைகளால்தான். உண்மையான தயாரிப்பகங்களில் நான் ஆதித்யாவைக் காணவில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடக் காசுக்குக் கணக்குப் பார்க்கிற, வீட்டுக் கடன் கட்டுகிற, சக ஊழியரின் தாய் செத்தால் முதல் ஆளாக ஓடிப்போய் நிற்கிற மனிதர்களைத்தான் கண்டேன். அதே மனிதர்கள்தான் ஒருவரையொருவர் ஓரங்கட்டினார்கள். நல்லவர்களை அப்படிச் செய்ய வைத்தது எது என்பதுதான் என் கேள்வி.

ஒரு வங்கியை எடுங்கள், கச்சேரியை எடுங்கள். அங்கேயும் அரசியல் உண்டு. ஆனால் தடைதாண்டல் பரீட்சை இருக்கிறது, சேவை மூப்பு இருக்கிறது, பதவி உயர்வுக்கு ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. அநியாயம் நடந்தால் அதைக் காட்டி வாதாடலாம். தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிலோ முப்பது பேர் உழைத்ததை ஒரு முகம் திரையில் வந்து சொல்லிவிட்டுப் போகிறது. யோசனை யாருடையது, கேள்விகளை எழுதியது யார், விருந்தினரைத் தேடிப் பிடித்தது யார், பிசகிய காட்சியை எடிற்றில் காப்பாற்றியது யார் என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது. பல வேளைகளில் பணிப்பாளருக்கும் தெரியாது. யார் முதலில் போய்ச் சொல்கிறாரோ அவருடையதாகிவிடுகிறது வேலை. சனம் உட்கார்ந்து பார்க்கிற மாலை நேரமோ நாளுக்கு மூன்று நாலு மணித்தியாலம்தான். அதைக் கூட்ட எவராலும் முடியாது. ஒருவருக்கு ஏழரை மணி கிடைத்தால் மற்றவர் பத்தரைக்குப் போக வேண்டும்.

இந்தத் துறை இலங்கையில் பிறந்த விதத்தையே பாருங்கள். 1979 ஏப்ரல் 13 அன்று ஷான் விக்கிரமசிங்க, அனில் விஜேவர்தன முதலியோர் சேர்ந்து ஐ.ரி.என். என்ற தனியார் தொலைக்காட்சியைத் தொடங்கினார்கள். கொழும்பையும் அதைச் சுற்றிய இடங்களையும் தாண்டி அதன் ஒளிபரப்பு எட்டவில்லை. ஷானின் சகோதரர் ரணில் அப்போதே அமைச்சர், சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன குடும்ப உறவினர். இருந்தும் இரண்டு மாதம் ஆகமுன்னர், யூன் 5 அன்று அரசாங்கம் அந்த நிலையத்தை எடுத்துக்கொண்டது. திரை என்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை ஆட்சியில் இருந்தவர்கள் சில வாரங்களிலேயே கண்டுகொண்டார்கள். உறவுகூட அதற்கு முன்னால் நிற்கவில்லை. அந்த நிலையத்தை இழந்த ஷான் விக்கிரமசிங்க 1993 இல் ரி.என்.எல். என்ற இன்னொன்றைத் தொடங்கினார். பதினாலு வருடம் ஆறாத ஆசை அது. அதை நான் மதிக்கிறேன்.

அடுத்து, 1982 பெப்ரவரி 15 அன்று ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி என்ற அரச தொலைக்காட்சி வந்தது. ஒரே அலைவரிசையைச் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் பங்குபோட்டன. தமிழுக்குக் கிடைத்தது மிகச் சிறிய பங்கு. அந்தச் சிறு நேரத்துக்குள் செய்தி, நாடகம், இசை, சமய நிகழ்ச்சி, சிறுவர் நிகழ்ச்சி எல்லாம் அடங்க வேண்டும். பத்துக் கலைஞர்கள் வேலை செய்யக்கூடிய இடத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்றால், மிச்சம் எட்டுப் பேரும் அந்த இரண்டு பேரைப் பற்றி என்ன கதைப்பார்கள்? “தமிழருக்கு ஒற்றுமை இல்லை, ஒருவன் ஏறினால் மற்றவன் காலைப் பிடித்து இழுப்பான்” என்று எங்களை நாங்களே பழிப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சை நான் ஏற்றுக்கொள்வதில்லை. இடத்தைச் சுருக்கிவிட்டு, உள்ளே நெரிபடுகிறவர்களின் குணத்தைக் குறை சொல்வது நியாயம் இல்லை. 1998 இல் தமிழ் அலைவரிசையான சக்தி வந்தது, 2009 இல் வசந்தம் வந்தது, புலம்பெயர்ந்தவர்களின் அலைவரிசைகள் வந்தன. களம் அகன்றபோது கொழும்பில் ஒதுங்கிக் கிடந்த எத்தனையோ பேர் வெளியே வந்து நல்ல வேலை செய்தார்கள். குணம் மாறவில்லை, இடம் கிடைத்தது.

ஆனால் இடம் கூடினால் மட்டும் அரசியல் ஒழிந்துவிடும் என்றும் இல்லை. தமிழ்நாட்டைப் பாருங்கள். சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. தொடர்களின் பெருங்காலத்தில், தயாரிப்பாளர் தன் செலவில் தொடரை எடுத்து, ஒளிபரப்பு நேரத்துக்கு அலைவரிசைக்குக் கட்டணமும் கட்டி, தனக்குக் கிடைத்த விளம்பர நிமிடங்களைத் தானே விற்றுக் காசு பார்க்கும் முறை இருந்தது. பார்வையாளர் கணக்குக் குறைந்தால் விளம்பரம் போகும், பிறகு நேரமே போகும். அந்தப் பயம் தயாரிப்பாளரிடம் நிற்பதில்லை. அவர் இயக்குநரை நெருக்குவார், இயக்குநர் வசனகர்த்தாவை நெருக்குவார், அவர் உதவியாளர் மேல் எரிந்துவிழுவார். கடைசியில் தேத்தண்ணி கொண்டுவருகிற பொடியனுக்கும் அந்த வாரக் கணக்கு தெரிந்திருக்கும். இந்தியா முழுவதற்குமான அந்தக் கணக்கை 2020 அளவில் ஏறத்தாழ 44,000 வீடுகளில் பூட்டிய கருவிகளைக் கொண்டுதான் எடுத்தார்கள். அந்த வீடுகள் சிலவற்றுக்குக் காசு கொடுத்துக் குறிப்பிட்ட அலைவரிசையைப் போட்டுவைக்கச் சொன்னார்கள் என்ற முறைப்பாட்டை அதே வருடம் மும்பைப் பொலிசார் விசாரித்தார்கள். ஆயிரக்கணக்கானோரின் உத்தியோகம் இப்படியான ஓர் எண்ணின்மேல் தொங்கினால் அந்த இடத்தில் நிம்மதி எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 செப்டெம்பர் 8 காலை, ‘எதிர்நீச்சல்’ தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நடிகர் மாரிமுத்து அங்கேயே தளர்ந்து, சிறிது நேரத்தில் மாரடைப்பால் காலமானார். ஆதி குணசேகரன் என்ற அந்தப் பாத்திரத்தை இங்கே தெரியாத வீடு குறைவு. இயக்குநராக வர வேண்டும் என்று ஊரைவிட்டுச் சென்னைக்குப் போய், பல காலம் உதவி இயக்குநராக இருந்து, ஐம்பது வயது கடந்த பிறகு நாடறிந்த முகமானவர். தொடர் நிற்கவில்லை. அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அதில் அந்தக் குழுவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு பகுதி போயாக வேண்டும், அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் இந்தத் துறையில் ஒருவருடைய இடம் ஒரு நாளுக்குக்கூட வெறுமையாக இருக்காது என்பதை உள்ளே இருக்கிற எல்லோரும் அறிவார்கள். காய்ச்சலோடும் வேலைக்கு வருகிறார்கள், விடுமுறை எடுக்கப் பயப்படுகிறார்கள், தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க மறுக்கிறார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம். திறமையை மறைத்து வைத்தால்தான் தன்னை மாற்ற மாட்டார்கள் என்ற கணக்கு.

பணம் கொழிக்கிற நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனத்தின் இரவு நிகழ்ச்சியை முப்பது வருடம் நடத்திய ஜொனி கார்சன் 1992 மே 22 அன்று விடைபெற்றார். அந்தக் கதிரை டேவிட் லெட்டர்மனுக்கா, ஜே லெனோவுக்கா என்று பெரும் போட்டி நடந்தது. கதிரை லெனோவுக்குப் போனது. அதற்குப் பிறகும் நிர்வாகிகள் மனம் மாறக்கூடும் என்ற பேச்சு ஓடியபோது, அவர்கள் தொலைபேசியில் கூடிக் கதைக்கிற நேரம் பார்த்து, லெனோ பக்கத்துச் சிற்றறை ஒன்றுக்குள் ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்டார். அந்தச் செய்தி புத்தகமாகவும் படமாகவும் வந்தது; அவரும் மறுக்கவில்லை. அந்த நாட்டின் மிகப் பெரிய நகைச்சுவையாளர்களில் ஒருவர், கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர், தன் உத்தியோகம் இருக்கிறதா இல்லையா என்பதை அறிய ஓர் அலுமாரி அறைக்குள் இருட்டில் நிற்க வேண்டியிருந்தது. முடிவு எடுக்கிறவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு எடுத்தார்கள். அதனால்தான் அவர் கதவோரம் நின்றார்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. வேலைத்தல அரசியலைப் பெருக்குவது ஆசை அல்ல, பூட்டிய கதவு. யாருக்கு என்ன பொறுப்பு, யாருடைய பெயர் எங்கே வரும், யார் எதைத் தீர்மானிப்பார் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லாத இடத்தில், அதை அறியவும் மாற்றவும் ஒவ்வொருவரும் இரகசியமாக வழி தேடுவார்கள். வால்பிடிப்பதும் கோள்மூட்டுவதும் அந்த வழிகள்தான்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கொழும்பில் நான் எடிற்றராக வேலை செய்த நிறுவனம் ஒன்றில், தீவுப்பகுதிக் கடற்றொழிலைப் பற்றி அரை மணித்தியால விவரணம் ஒன்று தயாரானது. அதற்காக அலைந்தது ஓர் இளம் பெண். நெடுந்தீவுக்குப் படகில் போய்த் தங்கி, மீனவக் குடும்பங்களோடு இருந்து கதைத்து, பிரதியை எழுதிக்கொண்டு வந்தது அவள்தான். அவள் எழுதிய வசனத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. எடிற்றருக்கு அது உடனே தெரியும். காட்சியை எங்கே வெட்ட வேண்டும் என்று வசனமே சொல்லும். ஒளிபரப்புக்கு முதல் நாள் இரவு முடிவுப் பெயர்ப்பட்டியல் திருத்தி அனுப்பப்பட்டது. பழையதில் “எழுத்து” என்ற சொல்லுக்கு நேரே அவளுடைய பெயர் இருந்தது. புதியதில் அந்த இடத்தில் பிரிவுத் தலைவரின் பெயர். அவளுடைய பெயர் “உதவி” என்ற தலைப்பின் கீழ், ஆறேழு பேரோடு, வாசிக்க முடியாத வேகத்தில் ஓடியது. எழுத்துரு அதே எழுத்துரு, நிறம் அதே நிறம். பார்க்கிற எவருக்கும் எதுவும் நடந்ததாகத் தெரியாது. நான் கேட்டேன். “அடுத்த முறை போடுவம்” என்றார்கள்.

அந்தப் பிரிவுத் தலைவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த மாதம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம். தான் என்ன செய்தார் என்று மேலே காட்டுவதற்கு அவருக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டியிருந்தது. ஒழுங்காக ஆள்களை நடத்தி வேலை வாங்கியதே அவர் செய்த பெரிய வேலை. ஆனால் அதற்குப் பெயர்ப்பட்டியலில் ஒரு சொல் இல்லை. இல்லாத இடத்தில் இன்னொருவருடைய சொல்லை எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் சண்டை பிடிக்கவில்லை. கூட்டங்களில் யோசனை சொல்வதை நிறுத்திவிட்டாள். கேட்டால், “நீங்கள் சொல்லுங்கோ, செய்யிறன்” என்பாள். பிறகு காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் எழுதியிருக்கக்கூடிய விவரணங்கள் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு பெயர் இடம் மாறியதற்கு நாங்கள் கொடுத்த விலை அது.

இந்த ஊரில் பிறந்தவனுக்கு, பெயர்ப்பட்டியல் மாறிய அந்த இரவில் கூத்து நினைவுக்கு வராமல் இருக்காது. கரையூர் என்று இந்த இடத்துக்குப் பெயர் இருந்த காலத்திலிருந்து குருநகர் கூத்து ஊர். பாசையூரும் நாவாந்துறையும் அப்படித்தான். எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி, தேவசகாயம்பிள்ளை என்று விடிய விடிய ஆடிய ஊர்கள். ஒரு கூத்துக்குள் எவ்வளவு ஆசை இருக்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஒரே அரசனை முதல் ராசா, பின் ராசா என்று ஆள்மாறி ஆடுவார்கள். விடியப்புறம் வருகிற ராசாவுக்குத்தான் சனம் நித்திரை முழித்துக் காத்திருக்கும். அந்த வேடம் யாருக்கு என்பதில் இதயம் துடிக்காத ஆட்டக்காரன் இல்லை.

அந்த ஆசையை ஊர் எப்படிக் கையாண்டது? கூத்துப் பழக்கத் தொடங்குகிற நாளில் ஊரைக் கூட்டினார்கள். பெரியவர்கள் இருப்பார்கள், சில இடங்களில் சுவாமியும் இருப்பார். அண்ணாவியார் ஒவ்வொருவரையும் பாடச் சொல்லிக் குரலைப் பார்ப்பார், தோற்றத்தைப் பார்ப்பார். பிறகு யாருக்கு எந்த வேடம் என்று சொல்லி, அவரவர் பாட்டுக் கொப்பியைக் கையில் கொடுப்பார். மட்டக்களப்பில் இதைச் சட்டங்கொடுத்தல் என்பார்கள். கொப்பி கைக்கு வந்த நிமிடத்திலிருந்து அந்த வேடம் இன்னாருடையது என்பதற்கு ஊரே சாட்சி. பிடிக்காதவர் அங்கேயே எழும்பிக் கேட்கலாம். கேட்டவர்கள் இருந்தார்கள், கோபித்துக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். அண்ணாவியார் ஏன் அப்படிக் கொடுத்தார் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் பழகிய பிறகு, அரங்கேற்றத்துக்கு முதல் நாள் இரவில் ஒருவருடைய கொப்பியைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுக்க எந்த அண்ணாவியாராலும் முடியாது.

அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு நல்ல வேடம் போனது உண்டு. சாதி பார்த்தார்கள். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். இந்த ஊரின் எத்தனையோ நல்ல குரல்கள் அடுப்படியிலேயே முடிந்துபோயின. ஆனாலும் ஊர் முன்னிலையில் கொடுத்தல் என்ற அந்த ஒன்று எங்களிடம் இருந்தது. நீ. மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துத் திருப்பாடுகளின் காட்சிகளை மேடையேற்றியது. யுத்தத்துக்குள்ளும், மின்சாரம் இல்லாத காலத்திலும், இடப்பெயர்வுக்குப் பிறகும் அந்த மன்றம் நின்றது. அவ்வளவு பேரைச் சம்பளம் இல்லாமல் ஒரு மேடையில் ஒன்றாக வைத்திருக்க முடிந்தது என்றால், தன் இடம் எது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது என்று அர்த்தம்.

தயாரிப்பகத்துக்குள் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்கிறவர்கள் ஒன்றாக நிற்க மாட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2007 டிசெம்பர் 27 அன்று, தன் பேச்சு செய்தியில் போகவில்லை என்ற கோபத்தில் பிரதி அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களோடு ரூபவாஹினிக்குள் புகுந்தார். செய்திப் பணிப்பாளர் தாக்கப்பட்டார். அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்கள் பல கட்சிக்காரர்கள், பல பிரிவுக்காரர்கள். பதவி உயர்வுக்காக ஒருவர்மேல் ஒருவர் மனத்தாங்கல் உள்ளவர்களும் அவர்களில் இல்லாமல் இருக்க முடியாது. எல்லோரும் சேர்ந்து அமைச்சரை அறைக்குள் தடுத்து நிறுத்தினார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அடுத்து வந்த மாதங்களில் அந்த ஊழியர்களில் பலர் வீதிகளில் தாக்கப்பட்டார்கள், கத்திக்குத்தும் வாங்கினார்கள். அரச நிறுவனத்தின் சாதாரண ஊழியர்கள் அவர்கள். என் தொழிலில் எனக்குப் பெருமை தந்த நாள்களில் அதுவும் ஒன்று.

பெண் பிள்ளைகள் பலர் வந்திருக்கிறீர்கள். பூட்டிய கதவின் பாரம் உங்கள் மேல்தான் அதிகம் விழுகிறது. நிகழ்ச்சி தருகிறேன், முகம் காட்ட விடுகிறேன் என்று சொல்லி அதற்கு விலை கேட்கிற ஆண்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள். கேரளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராய 2017 இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழு 2019 டிசெம்பரில் அறிக்கையைக் கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஓகஸ்டில். நாலரை வருடத்துக்கு மேல் அந்த அறிக்கையே பூட்டிக்கிடந்தது. வாய்ப்புக்காகப் பாலியல் விட்டுக்கொடுப்புக் கேட்பது, மறுத்தவர்களை வேலையிலிருந்து ஒதுக்குவது, படப்பிடிப்பு இடத்தில் மலசலகூடம்கூட இல்லாதது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. மலசலகூடத்தைச் சிறிய விடயம் என்று நினைக்காதீர்கள். நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் போய்ச் சம போட்டி என்று பேச முடியாது. இலங்கையில் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றம். 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தலத்தில் செய்வதையும் அதற்குள் கொண்டுவந்தது. ஐந்து வருடம் வரை சிறை உண்டு. இதை மனப்பாடம் செய்து வைத்திருங்கள். பெற்றோரே, பிள்ளை இரவு பிந்தி வந்தால் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். வீட்டுக்குப் பயந்து மறைக்கிற பிள்ளையைத்தான் வெளியே இருப்பவன் மிரட்டுவான்.

சட்டத்தைப் பற்றிச் சொன்னதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் உருவாக்கிய படைப்பின் வருமான உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பெரும்பாலும் வேலை கொடுத்தவருக்கே போகும். ஆனால் அதை ஆக்கியவர் இவர் என்று பெயர் குறிப்பிடப்படுகிற உரிமை தனியானது. வருமான உரிமை கைமாறினாலும் அந்த உரிமை ஆக்கியவரோடேயே நிற்கும். நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு இது அன்றைக்கே தெரிந்திருந்தால் “அடுத்த முறை” என்ற பதிலை ஏற்றிருக்க மாட்டாள். அதேபோல, நிரந்தர ஊழியர் போல நாள்தோறும் வேலை வாங்கிவிட்டு, “நீங்கள் வெளியாள்தானே” என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதி கட்டாமல் விடுகிறார்கள். உங்கள் பங்கு 8 வீதம், வேலை கொடுப்பவரின் பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் கட்ட வேண்டியது 3 வீதம். நியமனக் கடிதம் தராத இடத்தில் இதெல்லாம் பேச்சளவில்தான். தொழில் திணைக்களத்துக்குப் போய் முறைப்பாடு செய்யலாம், அதற்கு வெட்கப்பட எதுவும் இல்லை.

கடைசியாக, உங்களில் சொந்தமாகத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்தில் இப்போது நாலு நண்பர்கள் சேர்ந்தால் ஒரு தயாரிப்பு நிறுவனம். யூரியூப்பில் அலைவரிசை, கலியாண வீட்டு வேலை, வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்கு நிகழ்ச்சி. நண்பர்கள்தானே என்று எதையும் எழுதிக்கொள்வதில்லை. முதல் நிகழ்ச்சி ஓடி, அனுசரணையாளரின் முதல் காசு வந்து, முதல் விருது கிடைத்தவுடன் பிரிகிறார்கள். கமரா யாருடையது, அலைவரிசையின் கடவுச்சொல் யாரிடம், யோசனை யாருடையது என்று தொடங்கி முகம் பார்க்காத அளவுக்கு வருகிறது. ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள் கோயிலில் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கிறார்கள். நீங்கள் அப்படிப் பிரியக் கூடாது.

கமராவைக் கையில் எடுக்க முன்னர் ஒரு தாளை எடுங்கள். இந்த நிகழ்ச்சியின் யோசனை இவருடையது, எழுத்து இவருடையது, படப்பிடிப்பு இவர், எடிற்றிங் இவர், காசு வந்தால் பங்கு இப்படி, சண்டை வந்தால் இன்னாரிடம் போவோம், ஒருவர் விலகினால் அவருக்கு உரியது இது என்று எழுதுங்கள். வேலை இடையில் மாறினால் எல்லோரும் இருக்கும்போது திருத்துங்கள். இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி கொண்டுபோங்கள். நிறுவனங்களில் வேலைக்குப் போகிறவர்கள் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பெயர்ப்பட்டியலை ஒளிபரப்புக்கு முன்னரே பார்க்கக் கேளுங்கள். தயாரிப்பாளர்களாக இருக்கிற என் நண்பர்களும் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த நிகழ்ச்சிக்கு வேலையைப் பகிர்கிறபோது, எல்லோரையும் இருத்தி, எல்லோர் முன்னிலையிலும் பகிருங்கள். அந்தப் பிள்ளைகளின் பெயரை வாசிக்கக்கூடிய வேகத்தில் ஓடவிடுங்கள்.